ஆ நாடு கையெழுத்துப் போடவில்லை

குழாயடிச் சண்டை என்று சொல்பவர்களில் எத்தனை பேர் குழாயடியில் நின்றிருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம். சட்டசபையில் கூச்சல் என்றால் குழாயடிச் சண்டை. இரண்டு பெரிய மனிதர்கள் பத்திரிகையில் திட்டிக்கொண்டால் குழாயடிச் சண்டை. கேவலமான எதையும் எங்கள் தலையில் கட்டிவிடலாம், நாங்கள் வந்து கேட்கப் போவதில்லை என்ற தைரியம். நான் கேட்கிறேன். இடுப்பில் குடம் நிற்கிற வயசிலிருந்து குழாயடியில் நின்றவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆளும் நான்தான். இரண்டையும் ஒரே பெருமையோடு சொல்வேன்.

அனகாபுத்தூரில், பஸ் போகும் சாலையிலிருந்து அடையாற்றுக்கு இறங்குகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. சந்தின் மேல்பாதிக்கு மேடு என்று பெயர், கீழ்ப்பாதிக்குப் பள்ளம். நாங்கள் பள்ளம். எங்கள் வீட்டைத் தாண்டினால் ஆறு. ஆறு என்பது பெயருக்குத்தான். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் காட்டாமணக்கும், ஓரமாகக் கறுப்பாக ஒழுகும் தோல் பதனிடும் ஆலைக் கழிவும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வீட்டுக்குள் வந்து பாயை நனைத்துவிட்டுப் போகும். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தும் ஓர் ஆற்றில் தெளிந்த தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை.

குடிக்கிற தண்ணீர் அந்த மணலுக்கு அடியிலிருந்துதான் வந்தது. மணலில் கிணறு இறக்கி, மோட்டார் வைத்து, மேலே இருக்கும் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து தெருத்தெருவாக விட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் எடுத்த தண்ணீர் ஊரைச் சுற்றிக்கொண்டு எங்கள் சந்தின் மேட்டு முனையில் இருந்த ஒரே குழாய்க்கு வரும். வேகம் போதாமல், குழாயைச் சுற்றிக் குழி தோண்டி, பூமிக்குக் கீழே குழாயை வெட்டி வைத்திருந்தோம். பெண்கள் குழிக்குள் இறங்கிக் குடத்தை வைத்துத் தூக்க வேண்டும்.

குழாயை ஒட்டிய வீடு சைக்கிள் கடை பாயுடையது. அவர் மனைவியைச் சந்தில் எல்லோரும் மேட்டு அக்கா என்போம். நல்ல உயரம், நல்ல குரல். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு கோடையில், அவர் குழாயில் ட்யூபைச் சொருகி, வீட்டுக்குள் இருந்த டிரம் எல்லாம் ரொப்பிய பிறகே மற்றவர்களுக்கு விட்டார். பள்ளத்துக்கு வரிசை வரும்போது குழாய் இருமும். ஒருநாள் என் அம்மா குழிக்குள் இறங்கி ட்யூபைப் பிடுங்கி எறிந்தாள்.

ஆமாம், சண்டைதான். மறைக்கவில்லை. குடம் பறந்தது. அம்மாவின் ஜாக்கெட் கை கிழிந்தது. மேட்டு அக்காவின் வளையல் உடைந்தது. இரு பக்கமும் ஒருவர் குடும்பத்தை மற்றவர் வாய் கூசாமல் இழுத்துத் திட்டினார்கள். ஆனால், குழாயடிச் சண்டை என்று கேலி பேசுகிறவர்களுக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற பெண்கள் அதே குழியைச் சுற்றி உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். எழுதிவைக்கவில்லை. உட்கார்ந்த பெண்களில் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை.

முதல் நடையில் வீட்டுக்கு ஒரு குடம். சந்தின் கடைசி வீடு முதல் குடத்தைத் தூக்கும்வரை யாரும் இரண்டாவது குடத்தை இறக்கக் கூடாது. வரிசை ஒருநாள் மேட்டிலிருந்து தொடங்கும், மறுநாள் பள்ளத்திலிருந்து. இதெல்லாம் எந்தத் தெருவிலும் இருப்பதுதான். எங்கள் சந்தில் மட்டும் இருந்தது வேறொன்று. தண்ணீர் மெலிந்தால், குழாயருகே இருப்பவர் "அரை!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்டதும் எல்லோருக்கும் அரைக்குடம்தான். அதற்கு முன்பே முழுக் குடம் பிடித்துவிட்டவர்களும் திரும்பி வந்து, பின்னால் நிற்பவரின் குடத்தில் பாதியைச் சாய்க்க வேண்டும். முதலில் நின்றதால் யாருக்கும் லாபம் கிடையாது.

பெரும்பாலும் "அரை" சொல்ல வேண்டியவர் மேட்டு அக்காதான். தண்ணீர் மெலிவது முதலில் தெரிவது அவருக்கு. சொல்லாமல் இருந்தால் லாபமும் அவருக்கு. அவர் சொன்னார். முகம் சுளித்துக்கொண்டு, எங்களைத் திட்டிக்கொண்டு, ஆனால் சொன்னார்.

"இன்னாக்கா, அரைன்னா ஒனக்கு வயிறு எரியுது போல," என்பாள் அம்மா.

"எரியத்தான் எரியுது. இன்னா பண்றது? நான் ரொப்பிக்கினு கதவ சாத்திக்கினா நாளைக்கு எம் பொண்ணு கல்யாணத்துக்கு எவ வருவா? நீதான் வந்து பிரியாணிய காலி பண்ணணும்."

"ஒம் பொண்ணுக்கு மொதல்ல மாப்ள வரட்டும்."

"இந்த வாய்க்குத்தாண்டி ஒனக்குப் பள்ளத்துல வூடு!"

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொண்டே பாதியைச் சாய்ப்பார்கள்.

பிறகு நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்துச் சேர்ந்தேன். பஸ்ஸில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயில். தொண்ணூறுகளின் தொடக்கம். பேப்பரைத் திறந்தாலே நதி நீர்த் தகராறுகள்தான். எங்கள் பேராசிரியர் அதையே பாடமாக்கி ஒரு மாதிரி மாநாடு நடத்தினார். ஓர் ஆறு, இரண்டு நாடுகள். ஆறு பிறக்கும் நாடு அ, அது கடலில் சேரும் நாடு ஆ. நாங்கள் இரு நாட்டுப் பிரதிநிதிகளாக உட்கார்ந்து பேசி, முடிவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இதையே திருச்சியில் பல கல்லூரிகள் கலந்துகொள்ளும் போட்டியில் நடத்திக்காட்ட எங்கள் குழுவை அழைத்துப் போவதாகச் சொன்னார்.

திருச்சி. காவிரி. ரயில் பாலத்தில் போகும்போதே பார்க்கலாம் என்றார்கள் தோழிகள். அந்த வார்த்தை கேட்ட அன்றே நான் திருச்சிக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் செங்கல்பட்டைத் தாண்டியவர் எவரும் இல்லை. அப்பா தோல் கிடங்குக்கும் வீட்டுக்கும் தவிர வேறு திசையில் போனதில்லை. அம்மா குழாயடியில் ஒரு ஆளை விடாமல் சொல்லிவிட்டாள்: "எம் பொண்ணு நாட்டுக்குத் தலைவியாப் போவுது, டிரெயின்ல."

தலைவி என்பது உண்மைதான். ஆ நாட்டுக்கு. அது எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அ நாட்டுக் குழுவுக்கு, இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்தவர்களாகப் பார்த்து எடுத்தார் பேராசிரியர். "அவங்கதான் குடுக்கற இடத்துல இருக்காங்க, கொஞ்சம் கம்பீரமா பேசணும்," என்றார். என்னைப் பார்த்து, "ஆ நாடு கேட்கத்தானே போகுது. நீ நல்லா கேட்ப இல்லம்மா?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இல்லாமலே இப்படிச் சொல்ல முடிகிறது என்பதுதான் எனக்கு இன்றும் பொறுக்காத விஷயம். கீழே இருப்பவன் என்றால் கேட்கப் பிறந்தவன். மேலே இருப்பவன் என்றால் கொடுக்கப் பிறந்தவன். ஆற்றை அவன்தான் பெற்றெடுத்தானா?

நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். நாடுகளுக்கு நடுவே ஓடும் ஆறுகளைப் பற்றிக் கனமான புத்தகங்கள் இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு தடவித் தடவி வாசித்தேன். ஒரு நாடு அடுத்த நாட்டுக்குப் பெருங்கேடு வராமல் ஆற்றைப் பயன்படுத்த வேண்டும். அணை கட்டுவதற்கு முன் சொல்ல வேண்டும். தண்ணீர் அளவை மறைக்கக் கூடாது. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள் இவ்வளவு பெரிய வார்த்தைகளில் எங்கள் குழிக்குப் பக்கத்தில் வந்துதான் நிற்கிறார்கள். ஆனால் வறண்ட வருஷத்தில் என்ன செய்வது என்ற இடம் வந்தால் மட்டும் எல்லாப் புத்தகமும் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

ஒத்திகை நாளில் பேராசிரியரே ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டு வந்துவிட்டார். நேரம் போதாது, பேசுவதுபோலப் பேசிவிட்டுக் கடைசியில் இதில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நான் வாசித்தேன். நல்ல மழை வருஷத்துக்குப் பங்கு எழுதியிருந்தது, பழுதில்லை. அதன் கீழே: "மழை குறைந்த ஆண்டுகளில், அ நாடு தன் தேவை போக எஞ்சும் நீரை நல்லெண்ண அடிப்படையில் ஆ நாட்டுக்கு வழங்கும்."

எனக்குக் காது சுட்டது. நல்ல மழை வருஷத்தில் ஒப்பந்தம் எதற்கு? ஆற்றில் வெள்ளம் போகும்போது பங்கு பிரிக்கிறானாம்! ஒப்பந்தம் தேவைப்படுவதே வறண்ட வருஷத்துக்கு. அந்த வருஷத்தில் இவன் குடித்து, இவன் வயல் குடித்து, இவன் ஆலை குடித்து, மிஞ்சினால் நல்லெண்ணம்.

அரங்கில் மற்ற வகுப்பு மாணவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்தேன்.

"தேவை போகன்னு இருக்கு. அ நாட்டோட தேவை எவ்வளவுன்னு யார் அளக்கறது?"

அ நாட்டுத் தலைவன் குரோம்பேட்டையிலிருந்து வருபவன். அப்பா எஞ்சினியர். நல்ல பையன்தான், எனக்கு நோட்ஸெல்லாம் கொடுத்திருக்கிறான். அவன் மைக்கைப் பிடித்து, "அ நாட்டுத் தேவையை அ நாடுதான் தீர்மானிக்கும். அது எங்கள் இறையாண்மை," என்றான். கைதட்டினார்கள்.

"அப்படின்னா இதுக்குப் பேர் ஒப்பந்தம் இல்ல, தர்மம்," என்றேன். "தண்ணி குறைஞ்சா ரெண்டு நாட்டுக்கும் சேர்ந்து குறையணும். பாதி குறைஞ்சா ரெண்டு பேருக்கும் பாதி. ஆறு மெலியுதுன்னு மொதல்ல தெரியறது மேல இருக்கறவங்களுக்கு. அதனால மொதல்ல சொல்ல வேண்டியதும் அவங்கதான். அதுக்குள்ள அதிகமா எடுத்திருந்தா அணையிலேர்ந்து திருப்பி விடணும். எங்க சந்துல அரைக்குடம்னு ஒரு வழக்கம் இருக்கு..."

முடிக்க விடவில்லை. அரைக்குடம் என்ற சொல் விழுந்ததுமே பின் வரிசை சிரித்தது. "குறைகுடம் கூத்தாடும்!" என்று ஒருவன் கத்தினான். "மச்சான், தண்ணி லாரி வந்துடுச்சுடா, கொடத்த எடு!" என்றான் இன்னொருவன். அரங்கு முழுக்க ஓ என்று எழுந்தது. பேராசிரியரும் சிரித்தார். சிரித்தபடியே கையை உயர்த்தி அமைதிப்படுத்தி, என்னிடம் சொன்னார்: "உட்காரும்மா. இது சர்வதேச மாநாடு. குழாயடிச் சண்டை இல்லை."

நான் உட்காரவில்லை. "குழாயடியில இதவிட நல்ல சட்டம் இருக்கு சார்," என்றேன். அது யார் காதிலும் விழவில்லை.

இடைவேளையில் அ நாட்டுத் தலைவன் ஒரு டம்ளர் டீயோடு வந்தான். "கோச்சுக்காதப்பா. போட்டுடு. எல்லாரும் ஜாலியா திருச்சி போலாம். இது என்ன நிஜமாவா?"

"நிஜம் இல்லதான?"

"இல்ல."

"அப்ப பாதின்னு மாத்தி எழுதிடு. நிஜம் இல்லாத தண்ணியில பாதி குடுத்தா உனக்கு என்ன குறைஞ்சிடும்?"

அவன் டம்ளரைப் பார்த்தான். "அது எப்படி... அ நாடு அப்படிக் குடுக்காதே," என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே கூச்சமாக இருந்தது போல. போய்விட்டான். காகிதத்தில் கோடு போட்ட ஆறு. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை. எனக்கு மட்டும் விளையாட்டாம், அவனுக்கு இறையாண்மையாம்.

மாலையில் பேராசிரியர் கூப்பிட்டார். நாளைக்குக் கடைசி ஒத்திகை, கல்லூரி முதல்வர் வந்து பார்ப்பார், ஒப்பந்தம் ஆகாமல் மாநாடு முடிந்தால் போட்டியில் மதிப்பெண் கிடையாது என்றார். "பிடிவாதம் வேற, கொள்கை வேற. உன்னால முடியலன்னா வேற பொண்ணைப் போட்டுக்கறேன். வருத்தமில்லாம சொல்லு."

வருத்தம் இல்லாமல் எப்படிச் சொல்வது? ரயிலில் வரும்போது பல்லாவரம் வரை காவிரியையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கையெழுத்து. போட்டால் பாலத்தில் நின்று பார்க்கலாம்.

வீட்டில் சொன்னதும் அம்மா என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். ட்யூபைப் பிடுங்கியவள் அல்லவா. அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்துத்தான? போடறதுக்கு இன்னா கேடு? படிக்க வெச்சதே கையெழுத்துப் போடத்தான."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டுப் போடறதுக்கும்தாம்மா படிக்க வெச்ச."

"ந்தா, பொய் நாடு, பொய் ஆறு. அதுக்குப் போயி நெஜ டிரெயின வுடுவியா? ஊரெல்லாம் சொல்லி வெச்சிக்கீறேன்."

காலையில் குழாயடியில் விஷயம் பரவிவிட்டது. அம்மாவே நியாயம் கேட்டு வைத்தாள். நான் குழிக்கு மேலே நின்று அந்த வரியைச் சொன்னேன். மேலே இருப்பவர் தன் தேவை போக மிஞ்சினால் கொடுப்பார் என்று.

"மிஞ்சினாவா?" என்றார் மேட்டு அக்கா. "நான் அப்பிடிச் சொல்லியிருந்தா உங்கம்மா என் மண்டைய ஒடச்சிருப்பா."

"ஆனா திருச்சிய பாக்கலாமே," என்றாள் ஒருத்தி.

"அதுவும் சர்தான்," என்றார் மேட்டு அக்கா. "மலக்கோட்டை கீதாம். போட்டுட்டுப் போயி பாத்துட்டு வந்து அப்பால சண்ட போடு பாப்பா."

யாரும் எனக்கு வழி காட்டவில்லை. எல்லோருக்கும் நான் ரயில் ஏற வேண்டும் என்றுதான் ஆசை. அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

கல்லூரிக்குப் போனேன். மேடையில் பச்சைத் துணி விரித்த மேஜை, இரண்டு பேனா, இரண்டு நாற்காலி. முதல்வர் முன் வரிசையில். அ நாட்டுத் தலைவன் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினான். நான் எழுந்து, "ஆ நாடு இதில் கையெழுத்துப் போடாது. வறட்சியைப் பங்கு போடச் சம்மதித்தால் மறுபடி வருகிறோம்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். குரல் நடுங்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

வண்டலூரிலிருந்து வரும் என் தோழி ஆ நாட்டுத் தலைவி ஆனாள். திருச்சிக்குப் போனார்கள். பரிசு ஏதோ கிடைத்தது. திரும்பி வந்த அன்று அவளிடம் முதலில் கேட்டது காவிரியைத்தான்.

"பாலத்துல வண்டி மெதுவா போச்சுப்பா, நல்லா பாத்தோம்," என்றாள். "மணல்தான். நடுவுல வாய்க்கா மாதிரி கொஞ்சம். உங்க ஊர் ஆறு இன்னும் அகலமா இருந்தா எப்படி இருக்கும், அப்படி."

சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னாளோ என்னவோ. எனக்கு அழுகை வந்தது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வருஷ முடிவில் கல்லூரி மலர் வந்தது. அதில் பச்சை மேஜையின் முன் நான். அ நாட்டுத் தலைவன் காகிதத்தை நகர்த்துகிறான், நான் அதைக் குனிந்து பார்க்கிறேன், கையில் பேனா. எழுந்திருப்பதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்திருக்கிறார்கள். கீழே அச்சிட்டிருந்தது: "நதிநீர் ஒப்பந்தத்தில் மகிழ்ச்சியுடன் கையெழுத்திடும் நம் மாணவி."

துறை அறைக்குப் போய்க் கேட்டேன். "படம் நல்லா வந்திருக்கேம்மா," என்றார் பேராசிரியர். திருச்சியில் எடுத்த படம் எல்லாம் இருட்டாக விழுந்துவிட்டதாம். "வாசகத்தை யார் படிக்கப் போறா?"

படிக்கப் போகிறவள் நான். அதற்காகத்தானே படித்தேன். ஆற்றின் கடைக்கோடியில் கிடக்கும் ஊர்களின் பெயரில், எங்கோ ஒரு பச்சை மேஜையில், யாரோ மகிழ்ச்சியுடன் கையெழுத்திட்டதாக எத்தனை படங்கள் இப்படி அச்சாகியிருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். எழுந்து போனவரின் படம் எங்காவது வந்திருக்கிறதா?

வீட்டில் அம்மா மலரைக் கையில் வாங்கி, படத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"கீழ இன்னா எழுதிக்கீது?"

படித்துக் காட்டினேன்.

"நீதான் போடலியே."

"போடல."

"அப்ப பொய்யா எழுதிக்கீறானுங்க?" போடு போடு என்று அத்தனை தரம் சொன்னவள், இப்போது எழுந்து நின்றாள். "என் பொண்ணு போடாத கையெழுத்த இவனுங்க எப்பிடிப் போட்டதா எழுதுவானுங்க?"

மறுநாள் குடத்தோடு மலரையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். நான் வெட்கத்தோடு பின்னால் போனேன். வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியிடமும் படத்தை நீட்டினாள். "பாத்துக்கோங்க. இதுல போட்ட மாதிரி கீது. போடல. எவனாச்சும் கேட்டா சொல்லுங்க, அவ போடல."

படத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியது. என் புடவை நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தப் பையன் யார் என்று கேட்டுச் சிரித்தார்கள். மேட்டு அக்கா குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார்.

"சரிம்மே, போடல. தெரிஞ்சிக்கினோம். தண்ணி மெலியுது பாரு, அரை! ஒன் நடைதான், கொடத்த எறக்கு."

அம்மா மலரை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினாள்.